தாமோதரன் மாமாவும் நிற்கத் தெரிந்த வண்டியும்

செவ்வாய்க்கிழமை காலை மாமல்லபுரத்துக்குப் பத்திரிகைக் கட்டு எப்போதும்போலச் செங்கல்பட்டு பஸ்ஸில்தான் வந்தது. ஆனால் டிரைவர் ஏகாம்பரம் இருக்கையை விட்டு இறங்கி வந்தார். வழக்கமாக அவர் ஜன்னல் வழியே கட்டை எங்கள் கடை வாசலில் போட்டுவிட்டு, "உங்க மச்சான் எங்கய்யா, தூங்கிப் பூட்டாரா?" என்று அப்பாவைச் சீண்டிவிட்டுப் போவார். அன்று கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாத்த, கடைய சாத்துங்க. தாமோதரன் பூட்டாரு."

செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் பத்திரிகை வரும் வண்டிக்காகக் காத்திருந்தாராம். நெஞ்சு வலிக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்தாராம். உட்கார்ந்தார் என்று கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் தவிர வேறு எங்கும் மாமா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவர் என் அம்மாவின் தம்பி. ராணுவம் ஏலத்தில் கழித்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றில், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரை வரை பத்திரிகை கொண்டுவந்து கொடுப்பவர். எங்கள் கடைதான் அவருடைய கடைசி நிறுத்தம். காப்பியை நின்றுகொண்டே குடிப்பார். பாதி டம்ளரிலேயே கிளம்பிவிடுவார். நான் கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தால், "முடிவுல இன்னா ஆவுது பாப்பா? அத்த மட்டும் சொல்லு" என்பார். சொல்லி முடிப்பதற்குள் வண்டி தெருமுனையில் இருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்த வண்டி நீலப் புகை விடத் தொடங்கியது. ஏற்றத்தில் இழுக்கவில்லை. அதே சமயம் செங்கல்பட்டில் காலைப் பஸ் ஒன்று புதிதாக விட்டார்கள். அதை ஓட்டியவர்தான் ஏகாம்பரம். பத்திரிகை ஏஜெண்டு மாமாவைக் கூப்பிட்டு, "தாமு, பஸ்ஸுக்கு முன்னாடி போனா மாமல்லபுரம் கட்டு உன்னுது. பின்னாடி போனா பஸ்ஸே எடுத்துக்கினு போவட்டும்" என்று சொல்லிவிட்டார். மாமல்லபுரம் கட்டுதான் பெரிய கட்டு. வழியில் உள்ள கிராமங்களுக்கு ஊருக்குச் சில பிரதிகள்தான்.

கோடை விடுமுறைக்கு நான் செங்கல்பட்டில் மாமா வீட்டில் இருந்தேன். யார் யாரிடமோ சைக்கிளோ ஸ்கூட்டரோ கடன் வாங்கிக் காலை வேலையை முடித்துவிட்டு வந்து, மாமா இஞ்சினைப் பிரித்துச் சமையலறை முழுவதும் பரப்பினார். பேரிங் என்ற இரும்பு வளையம் உள்ளே இறங்க வேண்டுமானால் இஞ்சினின் அலுமினிய உறையைச் சூடாக்க வேண்டுமாம். அத்தை கடைக்குப் போய்த் திரும்பியபோது அடுப்பில் சோற்றுப்பானைக்குப் பதிலாக அது இருந்தது.

"இன்னாய்யா இது? இஞ்சின வேவ வெச்சிகீற? கொழம்பு ஊத்தட்டா, ரசம் ஊத்தட்டா?"

"எது வேணா ஊத்து, உப்பு மட்டும் போட்றாத. துரு புடிக்கும்."

"எனக்கு வாய்ச்ச வூட்டுக்காரனுக்குப் பசியே எடுக்காது போல கீது," என்று கமலா அத்தை என்னிடம் முறையிட்டார். ஆனால் பேரிங் உறைக்குள் 'டக்'கென்று இறங்கியபோது முதலில் கை தட்டியது அத்தைதான்.

சிலிண்டரைப் பட்டறையில் கடைந்து வாங்கிப் புது பிஸ்டன் போட்டார். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தார். மிச்சம் இருந்தவை இரண்டு கேம்கள். சிறிய இரும்புத் தண்டுகள். ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கும். சுழலும்போது அந்தப் புடைப்புதான் வால்வைத் தள்ளித் திறக்கிறது. ஒன்று பெட்ரோல் காற்றை உள்ளே விட, மற்றொன்று புகையை வெளியே அனுப்ப. எவ்வளவு உயரம் தள்ளுகிறது, எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறது என்பதைப் பொறுத்து வண்டியின் குணமே மாறிவிடும். அத்தை ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "மாசமா கீறவ மாதிரி கீது" என்றார். "அந்த வயிறுதான் தேஞ்சி பூட்ச்சி," என்றார் மாமா.

புது கேம் வாங்க மதராசுக்குப் போனபோது என்னையும் அழைத்துப்போனார். கடைக்காரர் மூன்று ஜோடிகளைத் துணியில் வைத்தார்.

"இது வண்டியோட வந்த அளவு. இது வால்வைக் கொஞ்சம் ஒசரம் தூக்கும், நேரம் அதேதான். கீழ இருந்தே நல்லா இழுக்கும். இது பந்தயத்துக்கு. ஓட ஆரம்பிச்சா புடிக்க முடியாது. நின்னா பேஜாரு. ரோட்டு வண்டிக்கு வேணாம் நைனா."

மாமா அதற்குள் மூன்றாவது ஜோடியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். "நான் எங்க நிக்கப் போறேன்?" என்றார்.

அதன் பிறகு ஏகாம்பரம் பஸ்ஸின் முன்கண்ணாடியில் மாமாவின் புழுதியை மட்டுமே பார்த்தார். விடுமுறை முடியுமுன் நான் ஊர் திரும்பிய பிறகு, தினமும் காலையில் பூஞ்சேரிப் பக்கமிருந்து அந்த உறுமல் கேட்கும். அப்பா கடையைத் திறப்பதற்குள் கட்டு வாசலில் கிடக்கும். ஆனால் வேகத்தைக் குறைத்தால் வண்டி செருமும், துப்பும், அணைந்துவிடும். சூட்டில் அணைந்தால் உதைத்து உதைத்துக் கால்தான் வலிக்கும். அதனால் முன்பெல்லாம் ஒற்றைக்காலை ஊன்றி நின்று, பத்திரிகையைக் கையில் கொடுத்து, தலைப்புச் செய்தியையும் சொல்லிவிட்டு வந்த ஊர்களில், ஓடுகிற வண்டியிலிருந்தே எறியத் தொடங்கினார்.

எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முடிவு வந்த நாளிலும் அப்படித்தான் எறிந்தார். பூஞ்சேரிக்கு முன்னால் ஒரு கிராமத்தில் பிள்ளைகள் சாலைக்கே வந்து கைகாட்டினார்களாம். பின்னால் பஸ்ஸின் ஹாரன். மாமா கட்டை வீசினார். கயிறு அவிழ்ந்து, கடற்காற்றில் தாள்கள் பறந்து சாலையோர ஏரிக்குள் விழுந்தன. சரளா என்ற மாணவி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தேறியவர்களின் எண்கள் அச்சான தாளை எடுத்தபோது அது கூழாகியிருந்தது. திரும்பிப் போகும்போதுதான் மாமாவுக்கு விஷயம் தெரிந்தது. "ஒரு நிமிசம் நிக்கக் கூடாதா நைனா?" என்று மட்டும் சரளாவின் அண்ணன் கேட்டாராம்.

மாமா அந்தப் பெண்ணின் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வண்டியைத் திருப்பி மறுபடி எங்கள் கடைக்கு வந்தார். நான் தாளை விரித்துப் பிடித்தேன். அவர் விரல் ஒவ்வொரு வரிசையாக இறங்கியது.

"கீது! பாப்பா, நம்பர் கீது!"

பாய்ந்து வெளியே போய் வண்டியை உதைத்தார். அது அசையவில்லை. மறுபடி உதைத்தார். ஒரு முறை இருமி அணைந்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் அப்படித் தவித்து நான் கண்டதில்லை. திரும்பும் நடைக்குப் புறப்பட்ட ஏகாம்பரம் பஸ்ஸிலிருந்து தலையை நீட்டினார்.

"ஏறு மச்சான். எறக்கி வுட்டுட்டுப் போறேன்."

"உன் வண்டியிலயா?"

"இல்ல, ஏரோப்ளேன்ல. ஏறுய்யா, அந்தப் பொண்ணு அழுதுகினு கீதாம்."

மாமா ஏறினார். வெயில் ஏறிய பிறகு நடந்தே திரும்பிவந்து வண்டியின் முன் நின்றார். "வேகம் கீது. நிக்கத் தெரியலியே இதுக்கு," என்றார். அதை வண்டியிடம்தான் சொன்னார் என்று அப்போது நினைத்தேன்.

அந்த வாரமே மதராசுக்குப் போய்ப் பந்தய கேம்களைக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் சொன்ன நடு ஜோடியை வாங்கி மாட்டினார். "கட்டு பூடுமேய்யா," என்று அத்தை கேட்டதற்கு, "தெரியும்" என்றாராம். போய்த்தான் போயிற்று. சில நாள் அவர் முந்தினார், பல நாள் பஸ் முந்தியது. மாமல்லபுரம் கட்டு ஏகாம்பரத்தின் பஸ்ஸுக்கு மாறியது. அந்தச் செய்தியோடு வந்த அன்று மாமா எங்கள் கடையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தராசைத் தொட்டார், பாட்டில்களை நகர்த்தினார். "போனா போவுது. ஊருங்க என்னுது," என்றார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. கிராமங்களில் எல்லாம் நின்று, கொடுத்து, பேசிவிட்டு, அதற்குப் பிறகும் பஸ்ஸை முந்த முடிகிறதா என்று பார்க்கக் கடைசிவரை தினமும் கடற்கரைக்கு வந்தார். பஸ்ஸை முந்திவிட்ட நாட்களில் காப்பியை முழுதாகக் குடித்தார்.

புதன்கிழமை செங்கல்பட்டு வீட்டுச் சந்தில் நிற்க இடமில்லை. வழியிலுள்ள ஒவ்வோர் ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள். ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் சரளா அத்தையின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாடையை எடுக்க நேரம் வந்தபோது வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ரயில் நிலையத்திலிருந்து அதை யாரோ கொண்டுவந்து அங்கே விட்டிருந்தார்கள். இரண்டு பேர் தள்ளப் போனார்கள்.

"தள்ளாதீங்கடா, அவரு வண்டி அது," என்றார் ஏகாம்பரம். ஏறி உட்கார்ந்து ஒரே உதை. வண்டி உயிர் பெற்றது. மெதுவாக ஓரத்துக்குக் கொண்டுவந்து, ஸ்டாண்டில் போட்டார். டப்... டப்... டப்... என்று ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. சாவியில் கை வைத்தவர் அத்தையைப் பார்த்தார்.

"நிறுத்தாத அண்ணே," என்றார் அத்தை. "அவரு மொதல்ல பொறப்படட்டும்."

தூக்கினார்கள். பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். வாழ்நாளில் ஒருபோதும் போகாத நிதானத்தில் மாமா தெருவைக் கடந்துபோனார். மேளச் சத்தம் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் வண்டி அணையாமல் நின்றுகொண்டிருந்தது.

போய் வாருங்கள், மாமா. இன்று உங்களை யாரும் அவசரப்படுத்தவில்லை.