மேலோகத்தின் நாற்காலி

ஏணியின் கடைசிப் படிக்கு வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். கூரைக்குச் சற்றுக் கீழே, நோயாளியின் கட்டிலுக்கு நேர் மேலே, ஒரு மரத்தட்டு. அதிலிருக்கும் பழைய படத்தைத் தடவி எடுத்து, உறையிலிருந்து புதிய படத்தை உருவி, சொரசொரப்பான பக்கம் கீழே வரும்படி வைத்துவிட்டு, கண் திறக்காமலே இறங்கத் தொடங்குவாள். "யக்கா, விழுந்து வைக்காதீங்க. அப்புறம் உங்களையே கேள்வி கேக்க வேண்டியதாயிடும்" என்று கீழிருந்து நர்ஸ் சீண்டுவாள். "கேளு. நானாவது ஒரு உருப்படியான பதில் சொல்றேன்" என்பாள் இவள்.

இதய சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் மேலோகம். உத்தியோகம் அப்படி. இதயம் நின்றுபோய், டாக்டர்கள் அடித்துப் பிடித்து மீட்டுக் கொண்டுவந்தவர்களில் சிலர், மேலே மிதந்துபோய் என் உடம்பை நானே பார்த்தேன் என்கிறார்கள். மெய்யென்றால் தட்டின் மேலிருக்கும் படத்தையும் பார்த்திருக்க வேண்டுமே? இதுதான் பெரிய டாக்டரின் ஆராய்ச்சி. படம் வைப்பதும், பிழைத்தவர்களிடம் போய்க் கேட்பதும் மேலோகத்தின் வேலை. வைக்கிறவளுக்கே படம் தெரியக் கூடாது. தெரிந்தால் கேட்கிற குரல் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

இத்தனை வருஷத்தில் படத்தை ஒருவரும் சொன்னதில்லை. வெளிச்சத்தைச் சொல்வார்கள், செத்துப்போன அக்காவைச் சொல்வார்கள். ஒருவர் கண்ணீர் மல்க, "என் செருப்பை யாரோ எடுத்துட்டுப் போறதைப் பாத்தேங்க" என்றார். செருப்பு கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. மேலோகம் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்வாள். வெளியே வந்துதான் வெடிப்பாள். "அவ்வளவு தூரம் போறாங்க, மூக்குக்கு முன்னாடி இருக்கிற படத்தைப் பாக்க மாட்டேங்கிறாங்க. செத்தும் வேடிக்கை பாக்கத் தெரியலை இதுங்களுக்கு!"

மூட்டுவலிக்காரி. ஆனாலும் நாலாம் அறை வாசலில் கிடக்கும் இரும்பு நாற்காலியில் உட்கார மாட்டாள். சுவரில் சாய்ந்து கால் மாற்றி மாற்றி நிற்பாள். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி பாவம் பார்த்து, "உக்காருங்கக்கா" என்று சொல்லிவிட்டாள். "நீ உக்காரு. உன் பரம்பரையே உக்காரட்டும்" என்று எரிந்து விழுந்தாள் மேலோகம். பழைய நர்ஸ்கள் அந்தப் பெண்ணைத் தனியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார்கள்.

மேலோகத்தின் கணவர் லாரி மெக்கானிக். வாய் ஓயாத மனிதர். "நான் போனா, உன் தட்டை எட்டிப் பாத்துட்டுத்தான்டி அடுத்த வேலை. வந்து சொல்றேன், உனக்குச் சம்பளம் கூடும்" என்று சிரிப்பார். சொல்லிவைத்தாற்போல் இதே நாலாம் அறையில் அவர் நெஞ்சு நின்றது. மீட்டுவிட்டார்கள், கண்ணும் விழித்தார். ஆனால் ஆராய்ச்சியில் ஒரு விதி: கேள்வி கேட்டு முடியும்வரை உறவுக்காரர் யாரும் உள்ளே போய்ப் பேசக் கூடாது, பேசினால் பார்த்ததும் கேட்டதும் கலந்துவிடும். சொந்தப் புருஷனிடம் இவளே கேள்வி கேட்கவும் கூடாது. கேட்க வேண்டிய இன்னொரு ஊழியர் வேறு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டார் என்றார்கள். இவள் அந்த நாற்காலியில் காத்திருந்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் விரலை மடக்கி மடக்கிக் கூப்பிட்டார். இவள் உள்ளங்கையைக் காட்டினாள், இருங்க என்று. எத்தனை பேருடைய பெண்டாட்டிகளுக்குக் காட்டிப் பழகிய கை! அவர் மறுபடியும் கூப்பிட்டார். இவள் மறுபடியும் காட்டினாள். அந்த ஊழியர் வந்து சேர்வதற்குள் நெஞ்சு இரண்டாம் முறை நின்றது. இந்தத் தடவை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று, நாலாம் அறையில் ஏணி போட்டு ஏறி, முதல் தடவையாகக் கடைசிப் படியிலும் கண்ணை மூடாமல் நின்றாள். அவர் படுத்திருந்த அன்று வைத்த படம் தட்டில் அப்படியே இருந்தது: ஒரு பச்சை வாளி.

"ஒரு வாளி! இதுக்காகத்தான் வெளியில உக்காந்திருந்தேன். வாளின்னு சொல்லக் கூப்பிட்டாரா, தண்ணி கேட்டாரா, பயந்துபோய்க் கூப்பிட்டாரா? எந்தப் பாவி வந்து சொல்வான் எனக்கு?"

அப்புறம் ஏன் இந்த வேலையை விடவில்லை என்று கேட்டால், "விட்டுட்டு? வீட்டுல போய்ச் சுவரைக் கேக்கவா?" என்பாள்.

போன வாரம் அதே அறையில் ஒரு தபால்காரர் பிழைத்தார். கண் விழித்ததும், "மேல இருந்து என்னமோ பாத்தேன்" என்று நர்ஸிடம் முனகியிருக்கிறார். பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "யாரையும் உள்ள விடாதீங்கம்மா. கேமராவோட வந்துட்டே இருக்கேன். இவ்வளவு வருஷம் பட்ட பாட்டுக்கு இது ஒண்ணு போதும். யாராவது பேசிட்டா அத்தனையும் பாழ்" என்று போனில் மூச்சு வாங்கினார்.

தபால்காரரின் மனைவி இரும்பு நாற்காலியில் இருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கை லேசாக எழும்பியது. அவள் பதறி எழுந்தாள்.

"கூப்பிடறாருங்க. போலாமா?"

மேலோகத்தின் உள்ளங்கை பழக்கதோஷத்தில் பாதிவரை எழுந்தது. அதை இறக்கி, நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலை ஒட்டிப் போட்டு, அந்த அம்மாளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"பேசுங்க. என்ன வேணும்னாலும் பேசுங்க."

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். நடையின் கோடியில் பெரிய டாக்டர் கேமராவும் கையுமாக ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். மேலோகம் கதவில் முதுகைச் சாய்த்து நின்று, அவருக்கு உள்ளங்கையைக் காட்டினாள்.