வாட்டம் பார்த்த கல்யாண மாலை

பறித்த கொழுந்து உடனே தேயிலையாகிவிடாது. முதலில் அது வாட வேண்டும். அதை வாட்டுவதுதான் பேக்டரியில் என் வேலை. கொழுந்தைக் கம்பி வலைமேல் பரப்பி, கீழிருந்து காற்று விடுவோம். துவண்டதும் ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்ப்போம். கையை விரித்தால் மெல்ல மலர வேண்டும், காம்பு ஒடியக் கூடாது. அதுதான் நல்ல வாட்டம். வேலைப் பழக்கத்தால் வெளியே மானம் போனவர்களுக்கு மீதிக் கதை புரியும்.

வெற்றிலைக் கடை

மகள் கல்யாணத்துக்கு வெற்றிலை வாங்க பதுளை டவுனுக்குப் போனேன். கடைக்கார முஸ்லிம் நானா ஒரு கட்டு வெற்றிலையை நீட்டினார். என் கை என்னைக் கேட்காமலே ஒரு பிடி உருவி அமுக்கிவிட்டது. விரித்தால் அத்தனையும் கிழிசல். நானா சிரிக்கவே இல்லை.

"அண்ணே, வெத்தில மெல்லுறதுக்கு. நீங்க தேத்தண்ணி போடவா வாங்குறீங்க?"

சம்பந்தி

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஹாலிஎல ஊர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. அவரும் அங்கே பேக்டரியில் என்னைப் போலக் கொழுந்து வாட்டுபவர்தான். ஆனால் சகுனம் என்றால் விடமாட்டார். பெண் பார்க்க வந்த அன்று பூனை குறுக்கே போனதென்று அப்படியே திரும்பி பஸ் ஏறியவர். "மாலை மட்டும் வாடாமப் பாத்துக்கங்க சம்பந்தி, வாடுன மாலைய எம் மகன் கழுத்துல போட விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு முகவாட்டம். பந்தலைச் சுற்றி மழைத்தண்ணீர் ஓட தரைச்சரிவின் வாட்டம் பார்த்து, வாய்க்கால் மாதிரி கான் வெட்டும்போதும் மாலை நினைப்புத்தான். மகள் எட்டிப் பார்த்தாள்.

"கல்யாணம் எனக்குப்பா. நீங்க ஏன் பொண்ணு மாதிரி குனிஞ்ச தலை நிமிராம இருக்கீங்க?"

குளிர்ந்த இடம்

மாலைகள் முதல் நாளே வந்துவிட்டன. வீடெல்லாம் அடுப்புப் புகை. என் மனைவி உயிரோடு இருந்திருந்தால் மாலையை என் கையில் கொடுத்திருக்கவே மாட்டாள். நான் வேறெங்கே போவேன்? கொழுந்து வாட்டும் பேக்டரி மாடிதான் குளிர்ச்சியான இடம்; அங்கே காலியாக இருந்த வலைமேல் ஈரத்துணி விரித்து மாலைகளை வைத்தேன். கூட வேலை செய்யும் செல்வத்திடம் சொல்லிவிட்டும் வந்தேன்.

பிறகு மழை பிடித்தது. நனைந்த கொழுந்து வந்தது. மழை நாளில் சூடான காற்று விடுவது எங்கள் வழக்கம். செல்வமும் பழக்கத்தில் மாடி முழுவதற்கும் திறந்துவிட்டான். விடிந்து நான் போனபோது, மாலையை ஒரு பிடி அமுக்கிக்கொண்டு நின்றான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. ஆனா பதம் அருமை. அப்படியே கொழுந்து சுருட்டுற ரோலர்ல போடலாம்."

கோயில்

வேறு மாலை கட்ட நேரமில்லை. மாலைத் தட்டைத் துணியால் மூடிக்கொண்டு போனேன். சம்பந்தி துணியை விலக்கினார். மேளம்கூட நின்ற மாதிரி இருந்தது எனக்கு. மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

சம்பந்தியின் கை தானாகப் போய் மாலையை ஒரு பிடி அமுக்கியது. விரித்தார். மெல்ல மலர்ந்தது. ஒரு காம்பை வளைத்தார். ஒடியவில்லை. அவர் முகம் அப்படியே விரிந்தது.

"சம்பந்தி, எங்க பேக்டரியில ஒரு நாளும் இந்த வாட்டம் வந்ததில்ல! போடச் சொல்லுங்க, நேரமாகுது!"

இத்தனை வருஷம் கொழுந்தை வாட்டியும் கிடைக்காத பாராட்டு, ஒரு மல்லிகை மாலையைக் கெடுத்த பிறகுதான் எனக்குக் கிடைத்தது.