எங்கள் ஃபோர்மேனின் பன்னிரண்டு படங்கள்

எங்கள் ஃபோர்மேன் திரையில் தோன்றிய மொத்த நேரம் மூன்று நிமிடம் நாற்பத்தொரு விநாடி. அளந்தவன் நான். கம்பெனி கொடுத்த வருகைப் பதிவு நோட்டின் கடைசிப் பக்கங்களில், ஆள் கணக்கு எழுதிய அதே நீலப் பேனாவால் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். சந்தைக் கூட்டத்தில் ஒருவர், ஏழு விநாடி. ஒட்டகம் ஓட்டுபவர், முதுகு மட்டும், பன்னிரண்டு. சிறைக் காவலர், தொப்பி நிழலில் முகம் சரியாகத் தெரியவில்லை, ஒன்பது. ஷேக்குக்குக் குடை பிடிப்பவர், விமான நிலையத்தில் பெட்டி தள்ளுபவர், இரண்டு முறை பிணம். பிணமாகக் கிடந்தபோதும் ஒரு முறை குப்புறத்தான் கிடந்தார். இன்னொரு முறை போர்வை போட்டுவிட்டார்கள். இந்தி, மலையாளம், அரபு, ஆங்கிலம், தமிழ் எல்லாம் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு படங்கள். பன்னிரண்டாவதற்கு எதிரே விநாடிக் கட்டம் காலியாக இருக்கிறது. அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பதினொன்றையும் விட எனக்கு அதில்தான் பெருமை அதிகம்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. துபாயில் அல் குசைஸ் பக்கம் எங்கள் கேம்ப். நான் டைம் கீப்பர். விடிவதற்குள் நான்கு பஸ்களில் ஏறும் இருநூற்றுப் பதினான்கு பேரை எண்ணி அனுப்புவதும், மாலையில் அதே இருநூற்றுப் பதினான்கு பேரும் திரும்பி வந்தார்களா என்று எண்ணுவதும் என் வேலை. ஒன்று குறைந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஃபோர்மேன் சாரம் கட்டும் ஆட்களின் தலைவர். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். ஐம்பதைத் தொட்டவர், கறுத்த நீள முகம், இரண்டு கன்னத்திலும் ஆழமாகக் குழி. எந்தச் சாரம் கட்டி முடித்தாலும், கையிலிருக்கும் ஸ்பேனரால் அதில் குழாய்களைப் பிணைக்கும் கிளாம்ப் ஒவ்வொன்றையும் ஒரு தட்டுத் தட்டிக் காதால் கேட்பார். இறுகிய கிளாம்ப் கணீரென்று ஒலிக்கும். இறுகாதது சத்தமே இல்லாமல் செத்துப்போகும். எல்லாம் ஒலித்த பிறகுதான் பச்சை அட்டையை மாட்டுவார். அட்டை இல்லாத சாரத்தில் ஒருவரையும் ஏறவிட மாட்டார். எங்கள் எகிப்து இன்ஜினியர் ஒருநாள் அவசரமாகக் காலை வைத்தபோது, இவர் "சார், மாஃபி" என்று அரபியில் 'கிடையாது' சொல்லி ஏணியின் முன்னால் நின்றுகொண்டார். இன்ஜினியர் ஏதேதோ கத்தினார். பிறகு இறங்கி நின்று காத்திருந்தார்.

சினிமாவுக்கு அவரை அழைத்துப் போனது அந்த முகம்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை. படப்பிடிப்புக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மலையாளி ஏஜென்ட் ஒருவர் வேனில் வந்து, கேம்ப் வாசலில் நிற்பவர்களின் முகங்களைப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போவார். வெளி வேலை செய்தால் விசா கொடுத்த கஃபீலுக்கு ஆகாது, விசாவை ரத்து செய்துவிடுவார்கள் என்று நான் ஒவ்வொரு வாரமும் எச்சரித்தேன். கேம்ப்பின் பொறுப்பாளரான கேம்ப் பாஸ் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். என்னால் எதையும் மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. ஃபோர்மேன் போன வெள்ளிக்கிழமைகளிலெல்லாம், வேன் திரும்பி வரும்வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் அவருடைய சினிமா ஆசை எனக்குப் புரிந்தது. திருச்சியில் கல்லூரியில் படித்த காலத்தில், காலைக் காட்சிகளில் பழைய அமெரிக்கக் கறுப்பு வெள்ளைப் படங்கள் போடுவார்கள். அவற்றில் ஒரு நடிகர் அடிக்கடி வருவார். கதாநாயகன் ரயிலைத் தவறவிட்டால் டிக்கெட் கூண்டுக்குள் அவர் இருப்பார். யாராவது செத்தால் தாமதமாக வரும் டாக்டர் அவர். ஓட்டலில் சாவி கொடுப்பவர், கோர்ட்டில் கொட்டாவி விடும் ஜூரி, கல்லறையில் மண் அள்ளிப் போடுபவர். இருபத்து மூன்று படங்களில் அவரை எண்ணியிருக்கிறேன். ஒன்றிலும் பெயர் போடவில்லை. ஊமைப் பட நாளிலிருந்தே அவர் நடித்துக்கொண்டிருந்தார் என்பதையும், அவர் பெயரையும், துபாய் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். என் எண்ணிக்கை அவர் நடித்ததில் கால் பங்குகூட இல்லை. இதையெல்லாம் ஃபோர்மேனிடம் சொன்னபோது, பீடியை அணைத்துவிட்டு உன்னிப்பாகக் கேட்டார். அன்றிலிருந்து அந்த அமெரிக்கர் எங்களுக்குத் தெரிந்தவர் போல ஆகிவிட்டார். "நம்மாளுக்கு வசனம் உண்டா சார்?" என்று கேட்டார். சில படங்களில் ஒரு வரி உண்டு என்றேன்.

"ஒத்த வரி போதும் சார். பேசுனா மூஞ்சியக் காட்டித்தானே ஆகணும்?"

முகம் அவருக்கு ஏன் அவ்வளவு அவசியம் என்பது கேம்ப்புக்கே தெரியும். ஊரில் பிளஸ் டூ படிக்கும் ஒரே மகள். அப்பா சினிமாவில் நடிக்கிறார் என்று வகுப்பில் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு படத்தின் விசிடியையும் வாங்கிப் போட்டு, தோழிகளை வீட்டுக்கு அழைத்துக் காட்டுவாள். முதுகும் குடையும் போர்வையும்தான் தெரியும். உங்கப்பா தூணுக்குப் பின்னால் நிற்கிறாரா, தூணே அவர்தானா என்று அந்தப் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். அப்பா பொய் சொல்கிறாரோ என்ற சந்தேகம் மகளுக்கே வந்துவிட்டதை அவர் தொலைபேசியில் அவள் குரலிலிருந்து கண்டுபிடித்தார். ஸ்பேனரால் தட்டிக் கேட்கிற காது அது.

பன்னிரண்டாவது படம் சென்னையிலிருந்து வந்தது. துபாய்க்குக் கட்டட வேலைக்கு வரும் இளைஞனின் கதை. அதில் வரும் ஃபோர்மேனுக்கு ஒரு வரி வசனம். ஏஜென்ட் எங்கள் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினார், டைரக்டர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் சரி என்றார். வசனம் இதுதான்: "மேல ஏறு தம்பி, முதலாளி காத்திருக்கார்." மூன்று வாரம் பாடம் செய்தார். பஸ்ஸில், குளியலறை வரிசையில், சோற்றுத் தட்டின் முன்னால். இருநூறு பேருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அடுக்குக் கட்டிலின் மேல்தட்டுக்காரர்களை இரவில் அந்த வசனத்தைச் சொல்லித்தான் படுக்க அனுப்பினார்கள். குரலை வேறு யாரையாவது வைத்துச் சேர்த்துவிடுவார்கள் என்று நான் பயமுறுத்தினேன். "சேத்துட்டுப் போகட்டும் சார், வாயசைக்கிறது நான்தானே" என்றார். மகளுக்கும் சொல்லிவிட்டார். அவள் ஊர் முழுவதும் சொல்லிவிட்டாள்.

ஷார்ஜா எல்லையில் பாதியில் நின்றுபோன ஒரு கட்டடத்தில் படப்பிடிப்பு. நானும் போனேன். தண்ணீர் பாட்டில் நான்கு, குடை ஒன்று, என் பிரஷர் மாத்திரை. ஃபோர்மேனுக்கு மஞ்சள் ஹெல்மெட் போட்டு, முகத்துக்குப் பவுடர் அடித்தார்கள். விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் அவர் சும்மா நிற்கவில்லை. படத்துக்காக முந்தின நாள் கட்டியிருந்த சாரத்தின் பக்கம் போனார். பழக்கதோஷம், பையிலிருந்து ஸ்பேனர் வெளியே வந்தது. கீழ்வரிசையில் நான்கைந்து கிளாம்ப்களைத் தட்டினார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். உதவி டைரக்டரிடம் போய்ச் சொன்னார். அந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அண்ணே, இது செட்டுக்குப் போட்டது. ஹீரோ பத்துப் படி ஏறுவார், கட் பண்ணிருவோம். நீங்க டயலாக்க மட்டும் பாருங்க."

கேமரா ஓடியது. கதாநாயகன் வந்து எதிரே நின்றார். ஃபோர்மேன் வாயைத் திறந்தார், மூடினார். கட். இரண்டாவது முறையும் அப்படியே. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தூரத்திலிருந்து நானே அந்த வரியை முணுமுணுத்தேன். மூன்றாவது முறை அவர் கதாநாயகனைப் பார்த்து, "ஏறாதீங்க தம்பி" என்றார்.

டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "யோவ், ஒரு வரி. அதுகூடவா வரல?"

"வரி வருது சார். ஏறச் சொல்லத்தான் வாய் வரல. கிளாம்ப் லூசா இருக்கு."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, அந்த வெளிச்சம் போனால் மறுநாள் இடம் கிடையாது. டைரக்டர் பேசி நேரத்தை வீணாக்கவில்லை. வேன் டிரைவரைக் கூப்பிட்டு, உனக்கு இந்த வரி தெரியுமா என்று கேட்டார். காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவருக்குத் தெரியாமலா இருக்கும். ஃபோர்மேன் தாமே ஹெல்மெட்டைக் கழற்றி டிரைவர் தலையில் வைத்து, தாடைப் பட்டையை இழுத்து மாட்டிவிட்டார். டிரைவருக்கு உடை மாற்றி, முகத்துக்குப் பவுடர் அடித்து, விளக்கைத் திருத்தும் நேரத்தில் மேலே போய்விட்டு வந்துவிடுவதாக உதவி டைரக்டரிடம் சொன்னார், பதிலுக்குக் காத்திராமல் ஏறினார்.

கீழே நின்று எண்ணினேன். மொத்தம் முப்பத்திரண்டு கிளாம்ப். ஏழு ஒலிக்கவில்லை. ஏழையும் முறுக்கினார், மறுபடி தட்டினார், ஏழும் ஒலித்தன. ஒரு குழாயைக் கம்பியால் கட்டடத் தூணோடு சேர்த்துக் கட்டினார். பதினெட்டு நிமிடம். நான் தவிர வேறு ஒருவர்தான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்: குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த கதாநாயகன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஃபோர்மேன் இறங்கி வியர்வையைத் துடைத்தபோது அவர் எழுந்து வந்தார். குழாயில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏறலாமாண்ணே?"

"இப்ப ஏறுங்க தம்பி."

அந்த வசனத்தை எங்கள் ஃபோர்மேன் சொன்னார். கேமரா மட்டும் ஓடவில்லை. பிறகு டிரைவர் ஒரே முறையில் சொல்லி முடித்தார், கதாநாயகன் ஏறினார், ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் என்ன நடந்தது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஃபோர்மேனைக் கூட்டத்திலும் நிற்கவைக்கவில்லை. ஓரமாகப் போய் நிற்கச் சொன்னார்கள்.

திரும்பும் வேனில் நான் அவரைத் திட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நீர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அந்தப் பையன் ஏறத்தானே போகிறான், வசனத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா, முறுக்குகிற பதினெட்டு நிமிடத்தை அதற்கு முன்பே கெஞ்சி வாங்கியிருக்கலாமே என்றெல்லாம் கேட்டேன். அல் குசைஸ் வளைவு வந்தபோது அவர், "ஊருல எல்லாத்துக்கிட்டயும் மக சொல்லி வச்சிருக்கா சார்" என்றார்.

அந்தப் படம் இப்போதும் வருஷத்துக்கு இரண்டு முறையாவது தொலைக்காட்சியில் வருகிறது. திருச்சியில் என் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன். முடிவில் ஓடும் பெயர்களை எண்ணியிருக்கிறேன், நூற்று அறுபத்தெட்டு. டிரைவரின் பெயர் இருக்கிறது, பிரியாணி கொண்டுவந்தவர் பெயரும் இருக்கிறது. முன்பெல்லாம் அந்தப் பட்டியலைப் பார்த்தால் எனக்குப் பிரஷர் ஏறும். இப்போது அந்தச் சாரக் காட்சி வந்ததும் மனைவியைக் கூப்பிடுகிறேன். ஒருத்தன் ஏறுவதில் பார்க்க என்ன இருக்கிறது என்கிறாள். பதினொரு படி, கைப்பிடிக் குழாய் ஒரு நூல் அசையவில்லை பார் என்கிறேன். நாற்பது வருஷம் ஆள் எண்ணியவன் நான். அன்று கேமரா முன் ஏறியவர் ஒருவர், இறங்கியவர் ஒருவர். இதைவிடச் சரியாக ஒத்துப்போன கணக்கு என் வாழ்நாளில் இல்லை.

படம் விசிடியாக வந்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கேம்ப் வாசல் தொலைபேசி பூத்திலிருந்து அவர் ஊருக்குப் பேசினார். போன் அட்டையில் எத்தனை நிமிடம் மிச்சம் என்று பார்ப்பதற்காக நான் பக்கத்தில் நின்றேன். மறுமுனையில் மகள். தோழிகள் ஆறு பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள் போலிருக்கிறது. அவள் அழுதாளா, கோபப்பட்டாளா, எனக்குக் கேட்கவில்லை. இவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வேலையிடத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"நான் எங்கருக்கேன்னு தேடாத தாயி. அந்தப் பையன் மேல ஏறுறான்ல, அவன் கை வைக்கிற குழாயப் பாரு. ஒவ்வொரு முடுக்கும் அப்பா கையால முடுக்கினது."

நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது, நான் சைகை காட்டினேன். அவர் கையை உயர்த்தி என்னைப் பொறுக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். குழி விழுந்த அந்த இரண்டு கன்னமும் நனைந்திருந்தன.

"மறுபடி ஒருக்கா போட்டுப் பாக்குறேன்னு சொல்லுது சார். அந்தப் பிள்ளைகளயும் கூப்பிடப் போயிருக்கு."