ஜீவமணி டீச்சர் கேட்கச் சொன்ன கேள்வி

படிக்கும்போது ஜீவமணி டீச்சர் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வருவார். 'யார்' என்பதற்குச் சுண்டுவிரல். 'என்ன' என்பதற்கு மோதிர விரல். 'எப்போது' நடுவிரல், 'எங்கே' ஆள்காட்டி விரல், 'ஏன்' கட்டைவிரல். விரல்கள் தீர்ந்துபோவதால், 'எப்படி' என்பதற்கு வலது கையில் இருக்கும் சிவப்புப் பேனாவால் மேசையை ஒரு தட்டு தட்டுவார். கடைசி வரியிலும் ஏதாவது ஒரு விரல் மடங்காமல் நின்றால் அந்தத் தாள் எழுதிய பிள்ளையிடமே திரும்பிப் போகும். திட்டமாட்டார். நிற்கிற விரலைப் பிள்ளையிடம் காட்டுவார், அவ்வளவுதான்.

நான் தட்டச்சு செய்யும் ஜெராக்ஸ் கடை பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே இருக்கிறது. மாதாமாதம் பத்திரிகை தயாராகும் நாட்களின் சாயங்காலங்களில் டீச்சர் இங்கேதான் இருப்பார். பள்ளிக்கூடப் பத்திரிகைக்குக் 'கரை' என்று பெயர். ஒரு பெரிய தாள், மடித்தால் நான்கு பக்கம். ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றிலும் படிக்கும் பன்னிரண்டு பிள்ளைகள் எழுதுகிறார்கள். பத்தும் பன்னிரண்டும் பொதுத்தேர்வு வகுப்புகள். அந்தப் பிள்ளைகள் இந்தப் பக்கம் வரக் கூடாது என்பது தலைமையாசிரியரின் உத்தரவு. ஒரு பிள்ளைக்கு எழுத்து பிடிபட்டு வருகிற நேரத்தில் டீச்சர் அதை விட்டுவிட வேண்டியிருக்கும். பதினொரு வருடமாக இப்படியே நடக்கிறது.

டீச்சருக்கு ஊர் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் நாசரேத்து. வயது ஐம்பத்தாறு. கடைக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளைத்தாள் கட்டு ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் கால்களை வைத்துக்கொள்வார். பைக்குள் பிள்ளைகளின் விடைத்தாள்கள், மாத்திரை அட்டை, ஒரு பொட்டலம் காராச்சேவு. பகலில் ஆறு பாடவேளை தமிழ் நடத்திவிட்டு வருகிறவர் என்பதால் சில நாட்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிடும். சிவப்புப் பேனா தாளில் கீழ்நோக்கி ஒரு நீளக் கோடு போட்டிருக்கும். பிழையை அடித்த கோடு எது, தூக்கம் இழுத்த கோடு எது என்று எனக்குத் தெரியும். தூக்கக் கோட்டை நான் கேட்காமலே விட்டுவிடுவேன்.

"அடுத்த வருசம் வேற யாராவது பாத்துக்கிடட்டும். எனக்கு முடியல," என்று ஒவ்வொரு மார்ச் மாதமும் சொல்வார். மற்ற ஆசிரியைகள் சிரித்துக்கொண்டே, "என்ன பேப்பர்காரம்மா, இந்த மாசம் தலைப்புச் செய்தி என்ன?" என்று கேட்டபடி கடையைத் தாண்டிப் பேருந்துக்குப் போவார்கள். ஜூன் மாதம் பழைய சிவப்புப் பேனாவோடு அவரே வந்து நிற்பார்.

அவர் வகுப்பில் சொல்லித்தருவது பெரும்பாலும் எதை எழுதக் கூடாது என்பதைத்தான். பிள்ளைகள் கட்டுரையை எப்போதும் 'முத்துநகர் என்று புகழ்பெற்ற நமது தூத்துக்குடியில்' என்று தொடங்குவார்கள். டீச்சர் அந்த வரியை அடித்துவிட்டுக் கேட்பார்: "முத்த நீ பாத்திருக்கியா?"

"இல்ல டீச்சர்."

"எங்கம்மா காதுலயும் இல்ல, உங்கம்மா காதுலயும் இல்ல. பாத்தத எழுது."

இன்னொரு வழக்கமும் உண்டு. செய்தியில் யார் வருகிறாரோ, அச்சுக்குப் போவதற்கு முன் அவரிடமே போய் அதை வாசித்துக் காட்டவேண்டும். ஒரு முறை 'பள்ளிக்கூடக் காவலாளி மதியம் இரண்டு மணி நேரம் உறங்குகிறார்' என்று ஒரு பிள்ளை எழுதியது. வாசித்துக் காட்டியபோது காவலாளி யோசித்துவிட்டு, "ரெண்டு மணி நேரமா? ஒண்ணேகால்னு போடு," என்றார். ஒன்றேகால் என்றே அச்சானது.

மடங்காமல் நிற்கும் விரல் பெரும்பாலும் ஆள்காட்டி விரலாகத்தான் இருந்தது. கடற்கரைத் தெருப் பிள்ளைகள் தங்கள் வீட்டு ஆட்களைப் பற்றி எழுதினால், போனார் என்றிருக்கும், வந்தார் என்றிருக்கும், எங்கே போனார் என்று மட்டும் இருக்காது. டீச்சர் அதைச் சோம்பல் என்று நினைத்தார். கடலுக்குப் புறப்பட்டவரிடம் எங்கே என்று கேட்பது அபசகுனம், எங்கள் கரையில் அது கிடையாது. அதிலும் சங்கு குளிக்கப் போகிறவரிடம் வாயே திறக்கமாட்டார்கள். பத்து, பன்னிரண்டு பாகம், அதாவது அறுபது எழுபது அடி ஆழத்துக்கு ஒரு குழாய்க் காற்றை நம்பி இறங்குகிறவர்கள் அவர்கள். இது எனக்கும் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்ற நான் டீச்சருக்குப் போய் என்ன சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இசபெல்லா சொன்னாள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை. சங்குக்குளி பற்றி எழுதியிருந்தாள். அவள் எழுதிய சங்குப் படகின் தலைவர் மெல்வின் அவளுடைய தாய்மாமன். எத்தனை பாகம், எவ்வளவு நேரம், மேலே வந்ததும் காது எப்படி அடைக்கும் என்றெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தாள். எல்லா விரலும் மடங்கி ஒன்று மட்டும் நின்றது.

"எங்கன்னு இல்லையே, பிள்ள."

"அது கேக்கமாட்டாங்க டீச்சர்."

"எங்க ஊர்லயும் எங்க போறன்னு கேட்டா மொறைப்பாங்கதான். அதுக்காக வண்டியத் திருப்பிக்கிட்டு வீட்டுக்கா போறாங்க? போய்க் கேளு."

மூன்று முறை அந்தத் தாள் திரும்பிப் போனது. மூன்று முறையும் அவள் அதையே சொன்னாள். நான்காவது நாள் பக்கம் முடியவேண்டும். அன்று விடியும் முன்னே இசபெல்லா நோட்டோடு கரைக்குப் போய், ஆறு ஆட்களோடு படகுக்கு இறங்கிக்கொண்டிருந்த மெல்வினிடம், "மாமா, இன்னைக்கு எங்கன போறிய?" என்று கேட்டுவிட்டாள்.

மெல்வின் சத்தம் போடவில்லை. தண்ணீருக்குள் முகத்தில் போடுவதற்காகக் கழுத்தில் மாட்டியிருந்த கண்ணாடி மூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கரையேறி வீட்டுக்கு நடந்தார். மற்ற ஆறு பேரும் அவர் பின்னால் திரும்பினார்கள். மறுநாளும் பாதிப் பேர் வரவில்லை. மூன்றாம் நாள்தான் அந்தப் படகு கடலுக்குப் போனது.

அந்தப் படகில் சங்கு குளிக்கிற ஜாக்சன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பேப்பரில் மன்னிப்புப் போடவேண்டும், கேட்ட பிள்ளையின் பேரோடு போடவேண்டும் என்றார். தலைமையாசிரியர் உடனே ஒத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே கடைக்கு வந்து, தானே எழுதிய நான்கு வரியை என் மேசையில் வைத்தார். 'மாணவி இசபெல்லா அறியாமல் செய்த பிழைக்கு வருந்துகிறார்' என்றிருந்தது.

டீச்சர் அதை எடுத்துப் படித்தார். விரல் மடக்கவில்லை.

"அறியாம இல்ல சார். அவ அறிஞ்சு எங்கிட்டச் சொன்னா. நான்தான் போகச் சொன்னேன்."

"டீச்சர், கேட்டது பிள்ளை. பிள்ளை பேர்ல முடிச்சுக்கிடுவோம். உங்க பேரு வந்தா பள்ளிக்கூடத்துப் பேரு வந்த மாதிரி."

"அவ அந்தத் தெருவுலதான சார் இருக்கணும். நாளைக்கு ஒரு ஆளுக்குத் தண்ணிக்குள்ள மூச்சு முட்டுச்சுன்னா, இந்தத் தாள எடுத்துக் காட்டி இவதான்னு சொல்லுவாங்க. வாயால சொன்னா மறந்துபோவும். இது அச்சு."

தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மெல்வின் சரின்னு சொன்னா உங்க பேர்ல போடுங்க. அவரு ஒத்துக்கிடலன்னா நான் எழுதினதுதான். திங்கக்கிழமை அச்சு."

 அவர் போனபின் டீச்சர் ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினார். நான் அடித்து எடுத்துக் கொடுத்தேன். "சனிக்கிழமை விடியக்காலம் போய் மெல்வின் அண்ணாச்சிக்கு வாசிச்சுக் காட்டிருதேன்," என்றார்.

"போறப்ப போகாதீய டீச்சர்," என்றேன் நான். "வந்தப்பொறவு பாருங்க."

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா," என்றார். அதில் கோபம் இல்லை. அதனால்தான் சனிக்கிழமை நானும் கூடப் போனேன்.

பதினொரு மணிக்கே போய்விட்டோம். கரையிலிருந்த மீன் ஏலக்கூடத்தில் கவிழ்த்துப்போட்ட ஒரு ஐஸ் பெட்டியின்மேல் டீச்சர் உட்கார்ந்தார். கரையில் இருந்த ஆண்கள் அவர் அருகே வராமல் சுற்றிக்கொண்டு போனார்கள். நண்டு பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண், "என்ன டீச்சர், இன்னைக்கு யாரத் திருப்பி அனுப்ப வந்திருக்கிய?" என்றாள்.

"இன்னைக்கு வாயத் தச்சுட்டு வந்திருக்கேம்மா," என்றார் டீச்சர்.

அந்தப் பெண் சிரித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

சிறிது நேரம் கழித்து இசபெல்லா வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பத்து நாளாகக் கரைப்பக்கம் வராதவள், கூடத்தின் கடைசித் தூணை ஒட்டி நின்றுகொண்டாள். டீச்சரும் அவளைக் கிட்டத்தில் வரச் சொல்லவில்லை. வெயில் கூடத்துக்குள் ஏறி டீச்சரின் மடிவரைக்கும் வந்தது. பையிலிருந்த விடைத்தாள்களை எடுத்தார், ஒன்றைத் திருத்தினார், திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

படகு வரும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. சங்கு மூட்டைகளை இறக்கினார்கள். மெல்வினின் கண்கள் சிவந்திருந்தன. கண்ணாடி மூடி அழுத்திய தடம் முகத்தில் வட்டமாக இருந்தது. டீச்சர் எழுந்து நின்று தாளைப் பிரித்தார். வகுப்பில் வாசிக்கிற குரலிலேயே வாசித்தார்.

"'இந்த மாதம் ஒன்பதாம் தேதி விடியற்காலையில், சங்கு குளிக்கப் புறப்பட்ட ஏழு பேர், எங்கள் நிருபர் கேட்ட கேள்வியால் கரையிலிருந்தே திரும்ப நேர்ந்தது. புறப்படும் நேரத்தில் அதைக் கேட்கமாட்டார்கள் என்று நிருபர் என்னிடம் முன்பே மூன்று முறை சொல்லியிருந்தார். கேட்டே ஆகவேண்டும் என்று அனுப்பியவள் நான். பிழை என்னுடையது. ஜீவமணி, தமிழாசிரியை.'"

மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தியிருந்தார்கள்.

"பிள்ளை பேரு இல்லையே," என்றார் ஜாக்சன்.

"இல்ல தம்பி. இருக்காது."

"கேட்டது அவதான டீச்சர்? நாங்க ஏழு பேரும் காதால கேட்டோம்லா. நாளைக்கு இன்னொரு பிள்ளை வந்து கேக்கும். எங்க உசிருக்கு யாரு பேரு போடுவிய?"

 டீச்சர் தாளைப் பிடித்திருந்த கையைக் கொஞ்சம் தாழ்த்தினார். மெல்வின் தலையைச் சாய்த்து, காதுக்குள் நின்ற தண்ணீரை உள்ளங்கையால் தட்டி வெளியேற்றிக்கொண்டிருந்தார்.

"நடுவுல உள்ளத இன்னொருக்க வாசிங்க," என்றார்.

டீச்சர் வாசித்தார். மெல்வின் தூணின் பக்கம் திரும்பினார்.

"ஏளா, இங்கன வா. நீ சொன்னியா டீச்சர்கிட்ட?"

"சொன்னேன் மாமா."

"எத்தன மட்டம்?"

"மூணு மட்டம்."

"நம்ம வீட்டுல இத சொன்னியா?"

"இல்ல மாமா. டீச்சரத் திட்டுவியன்னு."

 மெல்வின் ஜாக்சனிடம், "சொல்லியிருக்கால்லா. நம்ம வழக்கம் தெரிஞ்ச பிள்ளைதான். பொறவென்ன? டீச்சர் பேரே கெடக்கட்டும்," என்றார்.

"ஆளுக கேட்டா?"

"நான் சொல்லிக்கிடுதேன்."

 ஜாக்சன் குனிந்து மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார். டீச்சர் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். கால் தாங்காமல் பழையபடி ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சரி, கிளம்பலாம் என்று சொல்வார் என நான் காத்திருந்தேன்.

மெல்வின் மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "ஏளா, இப்பக் கேளு," என்றார் இசபெல்லாவிடம். "வந்தாச்சு. இனி என்ன வேணும்னாலும் கேக்கலாம். எங்கன போனோம், எத்தன பாகம், எல்லாம் சொல்லுதேன். எழுதிக்க."

இசபெல்லா நோட்டை எடுத்தாள். எங்கே வைத்து எழுதுவது என்று தெரியாமல் நின்றாள். சுற்றிலும் ஈரம்.

டீச்சர் கண்ணைத் திறந்தார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, அதைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டு, நின்றுகொண்டார்.