பூஜைக்கு வைத்த யானைப் புத்தகம்

ஜெயலக்ஷ்மிக்கு நிமிஷத்துக்கு ஐம்பது வார்த்தை டைப் அடிக்க வரும். மட்டாஞ்சேரியில் மிளகு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. அவள் அடித்த கடிதத்தில் தப்புக் கண்டுபிடித்தவர் இதுவரை யாருமில்லை. அப்பேர்ப்பட்டவளை அந்த 1979-ஆம் வருஷம் முழுக்க இரண்டேகால் வயசு மகள் மீனு தோற்கடித்துக்கொண்டிருந்தாள்.

யானைக்குட்டி ஊர் சுற்றும் மலையாளப் படப்புத்தகம் அது. எர்ணாகுளத்துக்குப் போட்டில் போய், நாலு கடை ஏறி இறங்கி ஜெயா வாங்கி வந்தாள். சாயங்காலம் மகளை மடியில் இருத்தி, முதல் வரியிலிருந்து நிறுத்தி நிதானமாக வாசிப்பாள். பிறகு தமிழிலும் சொல்வாள். மீனு பக்கத்தைப் பிடித்தால் "கிழிஞ்சுடும்". நடுவில் புரட்டினால் "அது இன்னும் வரல்லே". மூன்றாம் வரிக்குள் குழந்தை மடியிலிருந்து வழுக்கி இறங்கி ஓடிவிடும்.

ஓடுவது எங்கே? பக்கத்துப் போர்ஷன் சந்தனமாரியிடம். அவள் தென்காசிப் பக்கத்துக்காரி, புருஷன் ஓட்டலில் தோசை மாஸ்டர். ஜெயா ஆபீஸ் போகிற நேரமெல்லாம் மீனுவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அதே யானைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். ஜெயாவுக்கு வயிறு பற்றி எரியும். பெற்றவள் நான், புத்தகம் வாங்கியவள் நான், மடி மட்டும் அவளுடையதா? வெளியே சொன்னால் வெட்கக்கேடு. சொல்லாமலிருந்தால் சோறு இறங்கவில்லை.

நவராத்திரி வந்தது. அஷ்டமி சாயங்காலம் வீட்டிலுள்ள புத்தகங்களையெல்லாம் சரஸ்வதி படத்தின் முன் அடுக்கிவிட்டால், தசமி காலையில் பூஜை எடுக்கும்வரை, அதாவது அவற்றைத் திரும்பக் கையில் எடுக்கும்வரை, ஓர் எழுத்துக்கூட வாசிக்கக் கூடாது. அந்த வருஷம் ஜெயா முதலில் தேடி எடுத்து அடியில் வைத்தது யானைப் புத்தகத்தைத்தான். பக்தி கொஞ்சம், வஞ்சம் நிறைய. இனி இரண்டு நாள் அந்த மகராசி எதைக் காட்டி என் பெண்ணை மயக்குகிறாள், பார்க்கிறேன்!

நவமிக்கு ஆபீஸ் லீவு. பத்து மணிக்குள் மீனுவைக் காணோம். ஜெயா விடுவிடென்று அடுத்த போர்ஷனுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். மீனு தன் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்து நீட்டியிருந்தாள். சந்தனமாரி அதைப் புத்தகம் மாதிரி குனிந்து பார்த்து, யானை ஆற்றில் இறங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சந்தனம்! பூஜை எடுக்கற வரைக்கும் வாசிக்கப்படாதுன்னு சொன்னேனோ இல்லியோ?"

"நான் எங்க மாமி வாசிச்சேன்?" சந்தனமாரி பதறி எழுந்தாள். "எனக்கு எழுத்தே தெரியாதுல்லா. பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல."

"அப்போ தெனம் புஸ்தகத்தை வெச்சுண்டு என்ன பண்றே?"

"அவ வெரலு எங்க போவுதோ அங்க நானும் போவேன் மாமி. யானை வாலத் தொட்டா வாலப் பத்திப் பேசுவோம். அம்புட்டுத்தான்."

இதைக் கேட்டதும் ஆத்திரம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை, இரண்டு மடங்காயிற்று. படித்தவளிடம் தோற்றிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். ஓர் எழுத்து அறியாதவளிடம், அதுவும் புத்தகத்தில் தோற்றதை எங்கே போய்ச் சொல்ல?

தசமி காலை பூஜை எடுத்ததும் ஜெயா யானைப் புத்தகத்தை மீனுவின் கையிலேயே கொடுத்தாள். இன்று வாயைத் திறப்பதில்லை என்று சங்கல்பம். மீனு சந்தேகத்தோடு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மெல்ல மடியில் ஏறினாள். நடுவிலிருந்து ஒரு பக்கத்தைப் புரட்டினாள். விரல் யானையிடம் போகவில்லை. மூலையில் ஒரு படகுத்துறை. குடையும் பையுமாகச் சின்னதாக ஒரு பெண் போட் ஏற நின்றாள். அங்கே எழுத்து எதுவும் இல்லாததால் ஜெயா இத்தனை நாளும் அவளைப் பார்த்ததே இல்லை.

"யாருடி அது?"

"அம்மா. ஆப்பீஸ் போறா."

ஜெயா குனிந்து அந்தச் சின்னப் பெண்ணை உற்றுப் பார்த்தாள். அப்போதும் கேட்காமலிருக்க முடியவில்லை. "சந்தனக்காகிட்டயும் இப்படித்தான் சொல்லுவியா?"

"தெனம்."

"அவ என்ன சொல்லுவா?"

மீனு பக்கத்தைத் திருப்பினாள். அங்கே அந்தப் பெண் இல்லை. குழந்தை உதட்டைப் பிதுக்கிக் காட்டியது. பிறகு பக்கத்தைப் பழையபடி புரட்டி, இரண்டு கையையும் தட்டி, அப்படியே சந்தனமாரியின் குரலில் கத்திச் சிரித்தது.

"அம்மா வந்தாச்சுல்லா!"

தினமும் வாசலில் நின்று கேட்ட அதே சிரிப்பு. இந்த வார்த்தையையும் அவள்தானே என் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று ஜெயாவுக்கு எரிந்தது. எரிந்தபடியே மகளை இறுக்கிக்கொண்டு, "இன்னொரு தடவை திருப்புடி," என்றாள்.