வெறும் வயிற்றோடு வந்தவர்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்று ஹைதராபாதில், பாலின அடையாள ஆலோசனை மையத்தில், ஓர் அறைக் கதவில் என் பெயர் இருக்கிறது. அந்தக் கதவைத் தட்டி வந்தவர் குஷாய்குடா தொழிற்சாலை ஊழியர். தேய்த்த சட்டை, மடியில் டிபன் டப்பா. அதன் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பக்கத்தில், மகனாக வளர்ந்து, தான் பெண் என்று சொல்லும் அவர் பிள்ளை. அப்பா நம்ப வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

"பையனுக்கு ரத்தம் எப்ப எடுப்பீங்க மேடம்? வெறும் வயித்தோட கூட்டிட்டு வந்திருக்கேன். அப்பனுக்கும் டெஸ்ட் இருக்கும்னு நானும் சாப்பிடல."

கம்பெனி ஆஸ்பத்திரியில் எதற்குப் போனாலும் முதலில் ரத்தம்தான். அந்தப் பழக்கம்.

"இங்கே பேச்சு மட்டும்தான் சார்."

"சாப்பிட்டுப் போலாம்னா நக்கோ, வேணாம்னீங்களேப்பா!" என்று அவள் சிரித்தாள்.

"அப்ப ரிசல்ட்?"

"இதுக்கு டெஸ்ட் கிடையாது சார். தான் யாருன்னு அவங்க சொல்றதுதான்."

"அதைத்தான் இவ ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்காளே!" என்றவர், டப்பாவைத் திறந்து முதல் இட்லியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்க மறந்து அவரையே பார்த்தாள்.

'பையன்' என்றவர் அந்த 'இவ'வைத் தெளிந்து சொன்னாரா, பசியில் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.