மண்டோர் போட்ட கோடு

மலேசியாவில் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் லோரி, படகு, காப்பிக்கடைப் பலகை எதுவாக இருந்தாலும் பெயிண்ட் அடிக்க சேதுவைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிறகு வருத்தப்படுவார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. கேட்டதைத்தான் தர மாட்டான். பாசிர் பெனம்பாங்கில் ஒரு மீனவர், படகின் மூக்கில் வழக்கம்போல இரண்டு கண் வரையச் சொன்னார். சேது கண்ணும் வரைந்து, இமைமயிரும் வரைந்து, மையும் தீட்டிவிட்டான். அந்தப் படகு கடலுக்குப் போகும்போதெல்லாம் மற்ற படகுக்காரர்கள் விசிலடித்தார்களாம். "கேட்டத எழுதுறவன் கிராணி. தோணுனத எழுதுறவன் ஆர்ட்டிஸ்டு" என்பது அவன் கட்சி. எந்தப் பலகையிலும் கீழே 'சேது ஆர்ட்ஸ்' என்பது கடையின் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும்.

இப்படிப்பட்டவனுக்கும் ஒரு வாடிக்கைக்காரர் வந்து வாய்த்தார். அவர் அவனுடைய மாமனார் செல்லையா.

செல்லையா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு ஆட்களை வேலை வாங்குகிற மண்டோராக இருந்தவர். விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் அவர் குரல் கேட்டால் நாய்கூட வரிசையில் நிற்கும் என்பார்கள். ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, மகள் கலாவதியோடு வந்துவிட்டார். கலாவதி அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள், அதனால் லயத்தின் வரிசை வீடுகளில் அவளுக்கு ஒன்று உண்டு. எண்பத்தைந்தாம் வருஷ வாக்கில் அவருக்கு மறதி கண்டது. முதலில் மூக்குக்கண்ணாடியை மறந்தார், பிறகு மகனின் பெயரை, பிறகு வீட்டையே. ஆஸ்பத்திரி டாக்டர், இதற்கு மருந்து இல்லை, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டை மறந்ததில் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே பச்சைக் கதவு, ஒரே படி, ஒரே தகரக் கூரை. நல்ல ஞாபகசக்தி உள்ளவர்களே சம்பள நாளில் வீடு மாறிப் போனதுண்டு. செல்லையா காலையில் கோயில்வரை நடந்துவிட்டுத் திரும்பும்போது, எந்தக் கதவு கைக்கு எட்டுகிறதோ அதில் நுழைந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் நுழைந்தபோதுதான் விஷயம் முற்றியது. அங்கே தாயம்மாவின் புருஷன் அர்ஜுனன் கால் நீட்டிப் படுத்திருந்தான். "பெரட்டு முடிஞ்சி இன்னும் என்னாடா தூக்கம்?" என்று மண்டோர் போட்ட அதட்டலில் அவன் துள்ளி எழுந்து, வெட்டுக்கத்தியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கே போய்விட்டான். பாதி வழியில்தான் இன்றைக்கு லீவு என்பது அவனுக்கு உறைத்தது. திரும்பி வந்தால், அவன் தோசையை மண்டோர் சாப்பிட்டு முடித்திருந்தார். தாயம்மா லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

சேதி கிள்ளானில் இருந்த மகன் தங்கராஜுவுக்குப் போனது. அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். இன்றைக்குத் தாயம்மா வீடு, நாளைக்கு ஆற்றங்கரையாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டான். அடுத்த ஞாயிறு காரோடு வந்து அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போவதாகச் சொல்லிவிட்டான். கலாவதி அன்று உலையே வைக்கவில்லை.

"அங்க கொண்டு போயி வுட்டா அப்பா எந்த வூட்டத் தேடுவாரு?" என்று புருஷனிடம் கேட்டாள்.

சேதுவுக்கும் மாமனாரைப் பிடிக்கும். அவன் வரைந்ததைப் பார்த்து வாயைப் பிளக்கிற ஒரே ஆள் அவர்தான். பார்த்ததை மறந்துவிட்டு மறுநாளும் வாயைப் பிளப்பார். மச்சானிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு சம்மதம் வாங்கினான். ஞாயிறன்று அப்பா கோயிலிலிருந்து துணையில்லாமல் தன் வீடு வந்து சேர்ந்தால், கார் காலியாகத் திரும்பும்.

கதவை மாற்றினால் போதும் என்று சேது கணக்குப் போட்டான். கதவு கம்பெனிச் சொத்துதான், ஆனால் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி கனகலிங்கம் பார்க்காத மாதிரி போய்விட்டார். முதல் நாள் கதவு நிறைய ஒரு புலி வரைந்தான். செல்லையா அதைப் பார்த்ததும், பொம்பளைப் பிள்ளைகள் யாரும் வெளியே வரக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, கையில் கட்டையோடு வெயில் ஏறும்வரை வாசலில் காவல் நின்றார்.

புலியை அழித்துவிட்டு மாமனாரையே வரைந்தான். காக்கிச் சட்டை, தொப்பி, முறுக்கு மீசை, அந்தக் காலத்து மிடுக்கு. கலாவதி பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செல்லையா வந்தார், பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். மகள் எத்தனை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"மண்டோர் வூடும்மா இது. அவரு கூப்டாமப் போவக்கூடாது."

தான் வந்து தன்னைக் கூப்பிடுவதற்காக அவர் நெடுநேரம் காத்திருந்தார். சேதுவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. கதவு முழுக்கப் பச்சையைத் திரும்ப அடித்து, அது காய்ந்ததும் பிரஷை மாமனார் கையில் திணித்தான்.

"நான் போடுறது ஒண்ணும் ஒங்களுக்கு ஒத்து வரல. நீங்களே சொல்லுங்க மாமா, என்னா வேணும்?"

இந்தக் கேள்வியை அவன் தன் ஆயுளில் எந்த வாடிக்கைக்காரரிடமும் கேட்டதில்லை.

செல்லையா கதவைத் தடவிப் பார்த்தார். சிவப்பு டின்னைக் காலால் தள்ளிவிட்டு வெள்ளையைத் தொட்டார். இடமிருந்து வலமாகச் சரிவாக ஒரு கோடு, அதன் முனையிலிருந்து நேர் கீழே இன்னொரு கோடு. கை நடுங்கவில்லை. எங்கே வெட்ட வேண்டும் என்று மண்டோர் மரத்தில் போட்டுக் காட்டுகிற கோடு அது. சேது சும்மா இருப்பானா? பால் பிடிக்கிற மங்கு ஒன்றைக் கோட்டுக்குக் கீழே பூப்போட்டு வரைந்தான். பூ எதற்கு, மரத்தைப் பெண் பார்க்க வருகிறார்களா என்று செல்லையா கேட்டார். பூ போனது. மங்கு மேலே இருக்கிறது, பால் சிந்தும் என்றார். சேது இறக்கினான். வலது பக்கம் தள்ளு என்றார். தள்ளினான். இவன் முணுமுணுக்க, அவர் அதட்ட, மங்கு கடைசியில் கதவின் கைப்பிடியை ஒட்டி வந்து நின்றது.

காய்ந்த பிறகு அவரை நடத்திப் பார்த்தார்கள். பால் நிறைந்துவிட்டதா என்று பார்க்க மங்கின் மேல் கையை வைத்தார். கதவு திறந்துகொண்டது. உள்ளே நின்ற மகளிடம் காப்பி கேட்டார். சனிக்கிழமைவரை ஒரு தடவைகூட அவர் தவறவில்லை. யோசனை முழுக்கத் தன்னுடையது என்பதுபோல சேது லயத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

ஞாயிறு காலை கலாவதி வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டாள். யாரும் எழுவதற்கு முன்பே செல்லையா மிச்சப் பெயிண்டை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். லயத்தின் ஒவ்வொரு பச்சைக் கதவிலும் சரிவாக ஒரு கோடு, நேராக ஒரு கோடு, கைப்பிடியை ஒட்டி ஒரு மங்கு. ஒரே ஒரு மரத்துக்குக் கோடு போட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற மண்டோர் எந்த ஊரில் இருக்கிறான்? சேது டர்பன்டைனைத் தேடி ஓடுவதற்குள் தங்கராஜுவின் கார் வந்து நின்றது.

கோயிலிலிருந்து செல்லையா வந்தார். வழியில் முதலில் பட்ட மங்கின் மேல் கையை வைத்தார். அது தாயம்மா வீடு. கதவு திறந்தது, அவர் உள்ளே போய்விட்டார்.

கலாவதி முகத்தை மூடிக்கொண்டாள். தங்கராஜு கார்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு அப்பாவை அழைத்து வரப் போனான். தாயம்மாவின் வாயை நினைத்துக்கொண்டே சேது பின்னால் போனான். உள்ளே செல்லையா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அர்ஜுனனைக் காணோம்; அதட்டல் வருவதற்கு முன்பே பின்வாசல் வழியாக நழுவியிருந்தான். தாயம்மா சட்னியை ஊற்றிவிட்டுத் தங்கராஜுவைப் பார்த்தாள்.

"கத்துனேன்தான் தம்பி. கத்துனா, ஆளையே கூட்டிட்டுப் போவச் சொன்னேனா? எங்க கதவுலயும் மண்டோர் கோடு போட்டிருக்காரு. அவரு ஒண்ணும் வூடு மாறி வரல லா."

தங்கராஜு ஆற்றங்கரையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான். இத்தனை கதவைத் தாண்டித்தானே ஆற்றுக்குப் போக வேண்டும், அதற்குள் யாராவது காப்பி கொடுத்து உட்கார வைத்துவிடுவோம் என்றாள் தாயம்மா. வாசலில் கூடியிருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். தங்கராஜு உட்கார்ந்தான். அவனுக்கும் தோசை வந்தது. மத்தியானம் கார் காலியாகக் கிள்ளானுக்குத் திரும்பியது.

சாயங்காலம் சேது தன் வீட்டுக் கதவின் அடியில் உட்கார்ந்து பிரஷை நனைத்தான். பழக்க தோஷத்தில் கை 'சேது' என்று தொடங்கப் போனது. நிறுத்தி, 'செல்லையா ஆர்ட்ஸ்' என்று எழுதினான், வழக்கத்தைவிடப் பெரிதாகவே.

செல்லையா அங்கே வந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"யாரு மாப்ள இந்த செல்லையா?"

"நம்ம ஆளுதான் மாமா."

அவர் கோட்டை மேலிருந்து கீழே பார்த்தார்.

"கை சுத்தமா இருக்கு. இவன எங்கயும் அனுப்பிடாத" என்று சொல்லிவிட்டு, மங்கில் கையை வைத்து உள்ளே போனார்.